ஆறுதலா வாங்கோ

செஞ்சிக்கு வந்து எட்டு மாதமாகியும் எனக்குப் பழகாத விஷயம் ஒன்று உண்டு. பொழுது சாயும் முன்பே எங்கள் முற்றத்தில் வெயில் போய்விடும். வானம் வெளிச்சமாகத்தான் இருக்கும். மேற்கே நிற்கிற கோட்டை மலை சூரியனை மறைத்துவிடும். யாழ்ப்பாணத்தில் மலை ஏது? எங்கள் கிணற்றடியில் நின்று பார்த்தால் பனங்கூடல் வரைக்கும் தரை தட்டையாகக் கிடக்கும். சூரியன் தன்பாட்டுக்கு அடிவரை இறங்கிவிட்டுத்தான் போகும். இங்கே தினமும் என் பங்கு வெயிலில் ஒரு பிடியை அந்தக் கல்மலை பிடுங்கிக்கொள்கிறது என்று சொன்னால், என் கணவர் சிரிப்பார். அவருக்கு இது பிறந்த ஊர். எங்கள் பக்கத்து வெட்டவெளியில் அவர் பத்து வருடம் வாத்தியாராக இருந்தாரே, அப்போது அவருக்கு எப்படி இருந்ததோ! நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இந்தியாவிலிருந்து வந்த வாத்தியார்மாருக்கு இனி விசா இல்லை என்று அங்கே சொன்னதும் அவர் புறப்பட்டார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் புறப்பட்டேன். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது அம்மா அழவில்லை. ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"கண்ணீர்க் காயிதம் எனக்கு வேண்டாம் பிள்ளை. மாதக் கடைசியில மூண்டு சந்தோசம் எழுது. மூண்டுக்குக் குறைஞ்சா கொண்ணனை அனுப்பி உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

கொண்ணன் என்று அம்மா சொன்னது என் அண்ணாவை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தங்கச்சி வாசித்துக் காட்டுவாள். மாதத்துக்கு மூன்று சந்தோஷம், அது என்ன பெரிய காரியமா என்று அப்போது நினைத்தேன். கடல் கடந்து வந்து தனியாக உட்கார்ந்திருக்கிற உங்களில் யாராவது எழுதிப் பாருங்கள், தெரியும். முதல் நான்கு மாதம் எப்படியோ ஒப்பேற்றினேன். பிறகு கையிருப்புத் தீர்ந்தது. ஐப்பசியில், கோட்டைக் குளம் நிறையத் தாமரை பூத்திருக்கிறது என்று எழுதினேன். அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. கார்த்திகையில் ஒரு மயிலைப் பிடித்து மதில்மேல் ஆடவிட்டேன். 'அம்மா உன் மயிலைத் தெருத்தெருவாகச் சொல்லித் திரிகிறா' என்று தங்கச்சி பதில் போட்டாள். அதைப் படித்தபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெற்ற தாயிடம் போய் இல்லாத மயிலை விற்றிருக்கிறேனே! இனிப் பொய் எழுதுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். மார்கழியை மெய்யை எழுதியே எப்படியோ கடத்தினேன்.

தை மாதம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து ஒரு பெண் அவித்த பனங்கிழங்கு கொண்டுவந்தாள். நடுவே பிளந்து, தும்பை உரித்து, மிளகும் உள்ளிப்பூண்டும் உப்பும் இடித்துத் தொட்டுக்கொண்டு வாசற்படியிலேயே இருந்து தின்றேன். அது ஒன்று. எண்ணெய்க் கடைக்கு எதிரே டீக்கடை ரேடியோவில் எப்போதும் கொழும்பைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஊரே பாட்டுக்காகக் கேட்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பேசுகிறவரின் குரலுக்காக, கடலை எண்ணெய் வாங்கிய பிறகும் நான் நகராமல் நிற்பேன். எண்ணெய்க் கடைக்காரரின் மனைவி கமலம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "அளவெல்லாம் சரியாத்தாம்மா இருக்குது, தைரியமா எடுத்துனு போங்க" என்றார். அவர் அப்படி நினைத்துக்கொண்டதையும் சேர்த்து இரண்டாவது சந்தோஷமாக வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வரவேயில்லை. எப்படி வரும்? எட்டு மாதத்தில் ஒரு மனிதர்கூட என் வாசற்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. இந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்லமாட்டேன். 'சிலோன் டீச்சரு சம்சாரம்' என்று மரியாதையாகத்தான் ஒதுங்குவார்கள். நான் வாயைத் திறந்தால் புன்னகைப்பார்கள். பாதி புரியாமல் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவர் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டில் என் குரலை நானே கேட்க வேண்டுமென்றால் பூனையைத் திட்ட வேண்டும். தை கடைசி நாள் காலையில், இரண்டோடு நிறுத்திக் கடிதத்தைப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அண்ணா வருவார். வந்தால் நான் போய்விடுவேன். போனால் திரும்பி வரமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கணவர் தடுக்கமாட்டார், நல்ல மனிதர். அதுதான் பயமாக இருந்தது.

அந்த நினைப்போடு, தங்கச்சியின் நீலக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, முற்றத்தில் தேங்காய்ச் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாத்திமா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். புருஷன் கடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். தினமும் "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போகிறவள், அன்று நின்றாள்.

"இன்னாக்கா, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது? ஊர்லேர்ந்து லெட்டரா?"

"ஓம். ஒண்டுமில்லை, வெங்காயம்." அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "வீட்டுக்கு ஒருக்கா வாங்கோவன்" என்றேன்.

"இப்பவா?"

"இல்லையில்லை, ஆறுதலா வாங்கோ."

அவசரமில்லை என்று சொன்னதாகத்தான் என் நினைப்பு. பாத்திமாவின் முகம் மாறிப்போனது. சட்டென்று மதிலுக்குக் கீழே தலை மறைந்தது.

கால் மணி நேரம் ஆகியிருக்காது. பாத்திமா, கமலம்மா, எதிர்வீட்டுப் பெண்கள் இருவர் என நான்கு பேர் வாசலில் நின்றார்கள். ஒருத்தி கையில் மூடிய சோற்றுப் பானை, இன்னொருத்தி கையில் ரசம். யாரும் 'சாப்ட்டீங்களா' என்று கேட்கவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பாயை எடுக்கப் போன என்னைக் கமலம்மா இழுத்துக் கட்டிக்கொண்டார். அவர் தோளில் கடலை எண்ணெய் வாசம். அம்மாவின் தோளில் தேங்காய் எண்ணெய் மணக்கும். ஏன் வந்தார்கள், ஏன் கட்டிக்கொண்டார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதமாக யாரும் என்னை அப்படித் தொட்டதில்லை. அடக்கி வைத்த அழுகை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அம்மாவாக்கா?" என்று பாத்திமா மெல்லக் கேட்டாள்.

யாரை நினைத்து அழுகிறாய் என்று கேட்கிறாள் என நினைத்தேன். "ஓம், அம்மாதான்" என்றேன். நான்கு பேரும் ஓவென்று அழுதார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர் வாசலில் செருப்புகளைப் பார்த்துத் திகைத்து நின்றார். பாத்திமா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சார், ஒங்க மாமியாரு தவறிட்டாங்களாம் சார்" என்றாள். அவர் வெளிறிப்போய்ப் படியிலேயே உட்கார்ந்தார்.

நான் துள்ளி எழுந்தேன். "ஆர் சொன்னது? அம்மா கல்லுமாதிரி இருக்கிறா! இந்த மாதமும் வேலிச் சண்டை பிடிச்சவவாம், இந்தா கடிதம்!"

"நீங்கதானக்கா ஆறுதலா வாங்கன்னீங்க! செத்த வூட்டுக்குத்தான ஆறுதல் சொல்லப் போவாங்க?"

என் கணவர்தான் முதலில் சிரித்தார். "அவங்க ஊர்ல ஆறுதலான்னா மெதுவான்னு அர்த்தம்மா. அவசரமில்லாம வாங்கன்னு சொல்லியிருக்கா."

"மெதுவாவா?" பாத்திமா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "ஒலைய எறக்கி வச்சிட்டு ஓடியாந்தேனே சார்!"

அப்புறம் நடந்ததை எழுத வரவில்லை. அழுத முகங்களோடு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். துக்கச் சோற்றை என் சம்பலோடு பிசைந்து உண்டோம். "இன்னா காரம்டி யம்மா" என்று கமலம்மா இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார். துக்க வீட்டில் 'வரேன்' என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது. படியிறங்கிய பாத்திமா வேண்டுமென்றே திரும்பி நின்று, "வரேங்க்கா! நாளைக்கும் வரேன், ஆறுதலா வரேன்" என்றாள்.

சாயங்காலம், மலை வெயிலை எடுத்துக்கொண்ட பிறகு, கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது சந்தோஷத்தை எப்படி எழுதுவது? நீங்கள் செத்துப்போனதாக நான்கு பேர் அழுதார்கள், அதில்தான் எனக்கு உயிர் வந்தது என்று அம்மாவுக்கு எழுத முடியுமா? 'பக்கத்து வீட்டு ஆட்கள் ஆறுதலா வந்தவை' என்று மட்டும் எழுதினேன். பொய்யில்லை. அம்மா கேட்டுவிட்டு, எட்டு மாதம் கழித்தா வருவினம், அவ்வளவு ஆறுதலோ என்று கோபிப்பார். கோபிக்கட்டும்.

மூன்றும் நிறைந்துவிட்டது. ஒட்டப்போன கடிதத்தைத் திரும்பப் பிரித்தேன். அடியில் இருந்த இடத்தில், 'அண்ணாவை ஆறுதலா வரச் சொல்லுங்கோ' என்று இன்னொரு வரி எழுதினேன். எந்த ஊர்த் தமிழில் அதை எழுதினேன் என்று இதுவரை எனக்கே தெரியவில்லை.