முள் இல்லாத தூண்டில்

சுவக்கீன் தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தார் என்று பென்ஷன் புத்தகம் சொல்லும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வயிற்றுவலி என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு, ஆற்றங்கரையில் தூண்டில் தக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த நாட்களைக் கழித்தால் இருபத்தெட்டு தேறும். கல்யாணத்தன்று கோயிலில் மோதிரத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டவர், முதலில் வெளியே எடுத்தது மண்புழு டப்பாவைத்தான். கத்தரீனாள் அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை, தலையெழுத்து.

மீன் தின்பதில்கூட அவருக்குப் பெரிய ஆசை கிடையாது. தக்கை அமிழ்கிற அந்த ஒரு நொடி போதும்.

இந்தத் தவக்காலம் தொடங்கிய அன்று கத்தரீனாள் அவரை அந்தோணியார் படத்தின் முன்னால் நிறுத்தினாள். ஒரே மகள் நிமி நர்ஸ் படிப்பு முடித்தவள். ஜெர்மனி போவதற்கான பாஷைப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்று, பட்டணத்தில் தங்கி மூன்றாவது தடவை எழுதவிருந்தாள்.

"நிமி பரீச்சைக்காக நேந்திருக்கேன். நாப்பது நாளும் நீங்க மீனு புடிக்கக் கூடாது."

"நேந்தது நீ, பட்டினி எனக்கா?"

"புள்ள முக்கியமா, மீனு முக்கியமா?"

மனுஷன் தூண்டிலைத் தூக்கிப் பரணில் போட்டார்.

பதினெட்டு நாள் தாக்குப்பிடித்தார். பத்தொன்பதாம் நாள் குறுக்குப்புத்தி விழித்துக்கொண்டது. முள் இருந்தால்தானே மீன் பிடிப்பது? முள் இல்லாவிட்டால் அது சும்மா உட்கார்ந்திருப்பதுதானே? கத்தரீனாள் குல்லா பின்ன வைத்திருந்த கம்பளி நூலை ஒரு முழம் உருவி, அதில் புழுக்களைக் கோத்து, உருண்டையாகச் சுருட்டி ஆற்றில் விட்டார். மீன் வரும், புழுவைத் தின்னும், தக்கை ஆடும், மீன் போய்விடும். அந்தோணியாருக்கு இதில் என்ன நஷ்டம்?

மூன்றாம் நாள் சாயங்காலம் தூண்டில் கனத்தது. தூக்கினால், கை நீளத்துக்கு ஒரு விலாங்கு! அதன் பொடிப்பற்கள் கம்பளியில் சிக்கிக்கொண்டு விடவே மாட்டேன் என்றன. கரையில் அது துள்ள, கூடவே இவரும் துள்ள, கோயில் உபதேசியார் சூசையப்பன் அந்த வழியாக வந்து சேர்ந்தார்.

"என்ன மாமா, தவக்காலத்துல விலாங்கா?"

"நான் எங்கய்யா புடிச்சேன்? அதுதான் என்னயப் புடிச்சிருக்கு!"

பற்களை நூலிலிருந்து பிரித்து, விலாங்கை ஆற்றில் விட்டுவிட்டார். ஆனால் விடிந்தால் நிமிக்குப் பரீட்சை. நம் அரிப்புக்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்க வேண்டுமா என்று அன்று ராத்திரி தன்னையே திட்டிக்கொண்டார். "கோவத்த எம்மேல காட்டும் சாமி, புள்ள மேல காட்டாதயும்" என்று படத்தின் முன்னால் கெஞ்சினார்.

ஈஸ்டர் கழிந்த மறுவாரம் நிமி போன் செய்தாள். "பாசாயிட்டேம்ப்பா!"

சுவக்கீனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுக்களைக்கு ஓடி, சந்தோஷத்தில் தன் திருட்டையும் சேர்த்தே உளறிவிட்டார். "விலாங்கு புடிச்சும் எம்புள்ள பாசாயிட்டா பாத்தியா! அந்தோணியாருக்குப் பெரிய மனசு!"

கத்தரீனாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாவி மனுசா! அவ பாசாவணும்னா நான் நேந்தேன்? தோத்துட்டு இங்கனயே கெடக்கணும்னு நேந்தேன். போன ரெண்டு வாட்டியும் பலிச்சுதே!"

அறுபது வயதில் முதல்முறையாக, பிடித்த மீனை நினைத்து சுவக்கீனுக்கு அழுகை வந்தது.