ஐஸ் வண்டிக்கு ஒரு ரேடியேட்டர்

உதிரிபாகக் கடையில் அவளுக்கு மூடியக்கா என்று பெயர். வண்டி சூடாகிறது என்று யார் வந்து நின்றாலும், "மொதல்ல மூடிய மாத்திப் பாருங்க" என்பாள். ரேடியேட்டர் மூடி கடையிலேயே மலிவான சாமான்களில் ஒன்று. கண்ணாடி அலமாரியில் பெரிய அலுமினிய ரேடியேட்டரும் இரட்டை ஃபேனும் பளபளவென்று நிற்க, இவள் மூடி விற்பது முதலாளிக்குப் பொறுக்காது.

"இப்படி வியாபாரம் பண்ணினா நான் தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போகவேண்டியதுதான்."

அவள் அசைய மாட்டாள். வண்டியோடு வந்த ரேடியேட்டர் அந்த எஞ்சினுக்குப் போதும். சூடானால் எங்கேயோ ஒழுகுகிறது, இல்லை எங்கேயோ அடைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் பெரிதாக ஒன்றை வாங்கி மாட்டுவது, ஓட்டை வாளியைப் போட்டுவிட்டு அதைவிடப் பெரிய ஓட்டை வாளி வாங்குகிற மாதிரி. இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துப்போயிருந்தது.

நாற்பதைத் தாண்டியவள். வரன்கள் வந்துகொண்டிருந்தன, பிறகு நின்றுபோயின. தம்பி வீட்டில் இருந்தாள். மாலையில் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடிக்கும்போது தம்பி மனைவி இவளுடையதை மட்டும் தனியே ஒரு நாற்காலியில் வைப்பாள். அன்பாகத்தான்.

ஐஸ்காரர் முதலில் வந்தபோது அவருடைய வேனின் முகப்பிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஐஸ் கம்பெனியிலிருந்து மீன் கடைகளுக்கு ஐஸ் கட்டிகளைக் கொண்டுபோகிறவர்.

"பின்னால ஐஸு, முன்னால அடுப்பு. ரொம்பத் தண்ணி குடிக்குதுங்க."

"வண்டி மட்டும்தானே?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அவளுக்கே ஆச்சரியம். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்றார். அன்றைக்கும், அதற்குப் பிறகும்.

அவள் வெளியே போய்ப் பார்த்தாள். மூடி பாதிதான் திருகியிருந்தது. அமுக்கித் திருப்பினால் ஒரு இடத்தில் நிற்கும். இன்னும் அமுக்கித் திருப்பினால்தான் முழுதாக மூடும். பாதியில் விட்டால் உள்ளே அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். அவருடைய முன்கையில் வெந்து ஆறிய தழும்பு ஒன்று மினுங்கியது. சூடுபட்டவர், இறுக்க பயப்படுகிறார். அவளுக்குப் புரிந்தது. சொல்ல வாயைத் திறந்தாள்.

"கீழ ஓஸ் பைப்பு பழசாயிடுச்சு. மாத்திடுங்க."

அதுவும் உண்மைதான். அடுத்த முறை ஃபேன் பெல்ட் என்றாள். அது வெடிப்பு விட்டுத்தான் இருந்தது. பிறகு ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். வண்டி கொதித்துக்கொண்டே இருந்தது. அவர் வந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு கொதிப்பும் எஞ்சினைக் கொஞ்சம் தின்னும் என்பது அவளுக்குத் தெரியும். இரவில் படுத்தால் அது நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். காலையில் தெருமுனையைப் பார்த்தபடி கடையைத் திறப்பாள்.

"ஊருக்கெல்லாம் மொதல்ல மூடிங்கற" என்றார் முதலாளி ஒருநாள், தலை நிமிராமல். "ஐஸ்காரருக்கு மட்டும் மூடி ஞாபகமே வரலியா?"

அவள் குனிந்து போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கத் தொடங்கினாள். அவை ஏற்கெனவே பிரித்தவை.

அந்த வாரமே ஐஸ்காரர் வந்து கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய ரேடியேட்டரைக் காட்டினார்.

"இத வாங்கலாமா வேண்டாமா? இன்னைக்கு முடிவாச் சொல்லிடுங்க."

"ஊருக்குள்ள ஓட்ட இது எதுக்கு?"

"ஊருக்குள்ள இல்லீங்க. மலை மேல மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகக் கூப்பிடறாங்க. தங்க ரூமும் அங்கயே. ஏத்தம் பூரா ஃபுல் லோடு. வண்டி தாங்காதுன்னு நீங்க சொன்னா, வரலேன்னு சொல்லிடறேன்."

தாங்காது. ஒரு சொல். அவர் நம்பிவிடுவார். ஆனால் இந்த ரேடியேட்டரைச் செய்வதே அப்படிப்பட்ட ஏற்றத்துக்குத்தான். இத்தனை வருடத்தில் அதற்கான ஆள் இப்போதுதான் வந்து நிற்கிறார்.

அவள் துணியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனாள். அவரும் பின்னால் வந்தார். எஞ்சின் ஆறியிருந்தது. மூடியை அமுக்கி, கடைசிவரை திருப்பினாள்.

"இதுவரைக்கும் திருப்பணும். நீங்க பாதியிலயே விட்டுடறீங்க. அதான் கொதிக்குது."

"இறுக்கினா வெடிச்சிடாதா?"

"அழுத்தம் கூடினா மூடியே கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சூட்டோட திறந்தாத்தான் ஆபத்து."

அவர் மூடியைத் தொட்டுப் பார்த்தார். "இது உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"மொத நாளே."

ஒரு பஸ் கடந்து போனது. அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"அப்ப ரேடியேட்டர்?"

"ஊருக்குள்ளன்னா வேண்டாம். இதுவே போதும்." கையைத் துணியில் துடைத்தாள். "மலைக்குன்னா வாங்குங்க. தாங்கும்."

அவர் தெருவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"எடுத்துக் குடுங்க" என்றார்.

முதலாளி தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரில் இருந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் போனார். மதியத்துக்குள் மாட்டிவிடலாம் என்றார் மெக்கானிக். ஐஸ்காரர் கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். இதுவரை அவர் நின்றபடிதான் பேசியிருக்கிறார். உட்கார்ந்தால் தோள்கள் கொஞ்சம் சாய்வதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

மதியம் மெக்கானிக் கையெல்லாம் எண்ணெயாக வந்தார்.

"அக்கா, ரேடியேட்டரத் தாங்கற பட்டையில துளை சேரல. கம்பெனி சாமான் இல்லேன்னா எப்பவும் இதே கூத்து. அரத்தால ராவித்தான் மாட்டணும்."

வேறு நாளாக இருந்தால் சரக்கு அனுப்பியவனைப் போனில் கூப்பிட்டு உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

"மெதுவாவே பண்ணுங்க" என்றாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

ஐஸ்காரர் தன் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மனைவி இறந்தபின் சமையலுக்கு ஒரே பாத்திரம்தானாம். சோற்றை வடித்துக் கொட்டிவிட்டு அதிலேயே குழம்பாம். அவள் சிரித்தாள். தன் அறை ஜன்னலைப் பற்றிச் சொன்னாள். எதிர்ச்சுவரைத் தவிர அதில் எதுவும் தெரியாது என்றாள். எதிரில் அரம் இரும்பை ராவிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றால், வேலை முடிந்துவிட்டதோ என்று அவளும் பேச்சை நிறுத்தினாள். மறுபடி கேட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.