‘வாங்க’ என்றால் வரும் நாய்க்குட்டி

வீட்டைப் பார்வையிட்ட ஏழு நாள்களுக்குள் விண்ணப்பதாரருக்குப் பதில் அளிக்கப்படும். நாய்களை மீட்டுத் தத்துக் கொடுக்கும் ஒரு குழு தனக்குத்தானே எழுதிக்கொண்ட விதி இது. பதிவுத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதியை எதற்கு எழுதி வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மீறும்போது எதை மீறுகிறோம் என்ற தெளிவு வேண்டுமல்லவா?

அவர்களுக்குத் தனிக் காப்பகம் கிடையாது. மீட்ட நாய்களைத் தொண்டர்களே தங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பார்கள். நான் கேட்ட குட்டி திருப்பூர் வேலம்பாளையத்தில், பனியன் கம்பெனி சூப்பர்வைசர் பூங்கொடியின் வீட்டில் இருந்தது. பாதி ராஜபாளையம், மீதி யாருக்கும் தெரியாது. குட்டி என்று பெயர்தான், அதற்குள் கன்றுக்குட்டி உயரம். "ஏல, இங்க வா" என்றேன். அசையவில்லை. பூங்கொடி, "வாங்க கண்ணு, உக்காருங்க" என்றார். வந்து உட்கார்ந்தது. மேலதிகாரிகளைத் தவிர யாருக்கும் ‘ங்க’ போட்டறியாத எனக்கு இந்த ஊர் வைத்த தேர்வு அது.

தெற்கே எங்கள் ஊரான ஏரலில் நாயைத் தத்தெடுப்பதில்லை. அதுவாக ஒரு வீட்டைப் பார்த்து வாசலில் படுத்துக்கொள்ளும், ஆட்சேபணைக்கு அவகாசம்கூடத் தராது. மனைவி போனபின் திருப்பூரில் மகன் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். அவன் காலையில் கம்பெனிக்குப் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க என் குரலை நானே கேட்பதில்லை.

பூங்கொடி வீட்டைப் பார்க்க வந்தார். கேட் உயரத்தில் அவருக்குத் திருப்தி. கிளம்பும்போது, "எப்பங்க ஊருக்குப் போவீங்க?" என்று கேட்டார்.

"பங்குனி உத்திரத்துக்குப் போயிருவேன்" என்றேன் பெருமையாக. எங்கள் பக்கத்து ஆள் எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்குக் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் நின்றாக வேண்டும்.

அவர் முகம் வாடியது. "கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றார். இந்த வாக்கியத்தை நானே கவுண்டரில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது கோப்புக்குப் பாடும் தாலாட்டு.

ஏழு நாள் போயிற்று, மாசி மாதமும் போயிற்று. நினைவூட்டல்கள் அனுப்பினேன், முறைப்படி ‘பார்வை’ என்று முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு. மகன் விசாரித்துவிட்டு வந்து சிரித்தான். "எப்பா, நீங்க ஒரேயடியா ஊருக்குப் போயிருவியன்னுல்லா அந்த அக்கா நெனச்சிருக்காவ."

அந்தக் குட்டியே அப்படிக் கிடைத்ததுதானாம். ஆர்டர் குறைந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பம் விட்டுப்போனது. பூட்டிய கதவின் முன்னால் கிடந்ததைத் தூக்கிவந்தவரிடம்தான் நான் நாள் குறித்துச் சொல்லியிருக்கிறேன், போய்விடுவேன் என்று.

போன் செய்து, மறுநாளே திரும்பிவிடுவேன் என்று விளக்கினேன்.

"எல்லாருமே வந்துருவோம்னு சொல்லிட்டுத்தானுங்க சாமி போறாங்க."

"இந்த வருசம் போகலைங்க" என்றேன். ‘ங்க’ தானாக வந்தது.

உத்திரத்தன்று எங்கள் தெருவில் இருந்த தெற்கத்தி வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. கோயிலில் இருந்து அண்ணன் போனில் சத்தம் போட்டார், பின்னால் மேளம். "ஏல, எந்த ஊர்ல கெடக்க? இங்க பொங்கல் பொங்கிட்டு." என் பேருக்கு ஒரு தேங்காய் உடைக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் பூங்கொடியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் குரைப்பு. "வாங்க சாமி. நெசமாவே ஊருக்குப் போகலைன்னு உங்க பையன் சொன்னாருங்க, வந்து கூட்டிட்டுப் போங்க."

குட்டியைக் கூப்பிடும் அதே குரல். நானும் உடனே எழுந்துவிட்டேன். ஏழு நாளில் வந்திருக்க வேண்டிய பதில் வந்து சேர்ந்த தேதி, பங்குனி உத்திரம்.