மோதிரம் விழுங்கிய பசு

எங்கள் சின்னம்மாவின் நிச்சயதார்த்த மோதிரம் பசுவின் வயிற்றுக்குள் போனது ஒரு பட்டிப்பொங்கலன்று. போனதைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஏழு வயது.

அம்மாவின் தங்கையான சின்னம்மாவும், அவர்கள் இருவருக்கும் மூத்தவரான மாமாவும் கப்பல்துறையில் எங்களோடுதான் இருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டார் நாட்டில் வேலை. விரல் அளவு கேட்காமலே அவர் வாங்கி அனுப்பிய மோதிரம் சின்னம்மாவுக்குத் தொளதொளவென்று இருந்தது. சின்னதாக்கக் கொடுத்தால் வருங்கால மாமியார் என்ன நினைப்பாரோ என்று அடிப்பக்கத்தில் நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

பசுவைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, அதற்குப் பொங்கல் ஊட்டுவது சின்னம்மாவின் வேலை. கன்றாக வந்த நாளிலிருந்து அதை வளர்த்தவரும் அவர்தான். நெய்யும் முந்திரிகை வற்றலும் போட்ட பொங்கலை வாழைப்பழத்தோடு பிசைந்து உருட்டியபோது நூல் வழுக்கிவிட்டது. உருண்டைக்குள் ஏதோ மினுங்குவதைக் கண்டேன். அது என்னவென்று நான் யோசித்து முடிப்பதற்குள் பசு மென்றும் பாராமல் விழுங்கிவிட்டது.

மாமாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் சாமான் ஏற்றி இறக்குவதை மேற்பார்வை செய்யும் வேலை. “உள்ள போன சாமான் வெளியில வந்துதானே ஆகவேணும்” என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் குந்திவிட்டார். சாணம் விழ விழ, வாளித் தண்ணீரில் கரைத்துப் பழைய அரிதட்டில் ஊற்றிப் பார்த்தார். நான் முன்பக்கம். பசு தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். மோதிரமும் அப்படி மேலே வரும், வந்தவுடன் பிடித்துவிடலாம் என்பது என் திட்டம். அதன் தொண்டையில் உருண்டை ஏறும்போதெல்லாம் கையை நீட்டினேன். பசு என்னைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தது. மாமாவுக்குக் கிடைத்தவை சில புளியங்கொட்டைகள் மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் கலியாணத்துக்கு நாள் குறிக்க வர இருந்தார். மோதிரம் இல்லாமல் அவர் முன்னால் எப்படிப் போய் நிற்பது? மாமா கந்தளாய்க்குப் போய்த் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பொறுமையாக விளக்கினார். மாட்டு வயிற்றில் நாலு அறைகள். புல் முதலாவதில் ஊறும், மேலே வரும், அரைபட்டுத் திரும்பிப் போகும். சத்தை உடம்பு உறிஞ்சியது போக மிச்சம்தான் சாணம். பாரமான உலோகமோ இரண்டாவது அறைக்குள் விழுந்து அங்கேயே கிடந்துவிடும். விழுங்கியது நானாக இருந்தால் இரண்டொரு நாளில் வெளியே வந்திருக்குமாம்.

“கம்பி, ஆணி எண்டா இருதயத்தைக் குத்தும். இது வட்டமான சாமான், மாட்டுக்கு ஒண்டும் செய்யாது. வேணுமெண்டா வயித்தைத் திறந்து எடுக்கலாம். ஆனா இது சினை மாடு. கண்டுக்கு நான் உத்தரவாதம் சொல்ல ஏலாது.”

மாமா “திறவுங்கோ டொக்டர்” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வரப்போகும் கன்றுக்கு நான் பெயர்கூட வைத்திருந்தேன்.

அப்போதுதான் குசினி வாசலில் நின்ற சின்னம்மா வாயைத் திறந்தார்.

“மோதிரம் மாட்டுக்குள்ள இல்லை அண்ணா. பொங்கலுக்கு முதலே, உப்புவெளியில குளிக்கேக்க கடலுக்குள்ள விழுந்திட்டுது. பயத்தில சொல்லேல்லை.”

மாமா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இவ்வளவு நாளும் நான் சாணம் கரைச்சது?”

“இல்லை, நான் கண்டனான்” என்றேன். சின்னம்மா வந்து என் தோளை இறுக்கிப் பிடித்தார். “நீ கண்டது முந்திரிகை வத்தல்.” பிடி வலித்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். வைத்தியர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாயார் கதை முழுவதையும் கேட்டார். “மாடு விழுங்கியிருந்தா, வாயில்லாச் சீவன் எண்டு விட்டிருப்பன். கடலில துலைக்கிறது கவனமில்லாத்தனம்” என்றார். கலியாணத்தை ஒரு வருசம் தள்ளிவைத்துவிட்டு எழும்பினார். சின்னம்மா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மாவும் மாமாவும் அதற்குப் பிறகு நெடுநாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மாசியில் பசு ஒரு நாகு கன்று ஈன்றது. பின்னேரங்களில் பசு படுத்து அசைபோடும்போது சின்னம்மா பக்கத்தில் குந்தி அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு மறதியா? ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவர் காதில் சொன்னேன்: “சின்னம்மா, மோதிரம் உண்மையா இதுக்குள்ளதான் கிடக்கு.”

“ஓம்” என்றார் சின்னம்மா, தடவுவதை நிறுத்தாமல்.

அவ்வளவு தெளிவாக நான் ஞாபகப்படுத்திய பிறகும், அவர் ஏன் ஓடிப்போய் மாமாவிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.