தொட முடியாத சாமான்

ஜெயபாரதி விற்பது இணையதளப் பெயர்கள். நல்ல பெயராகப் பார்த்து ஆயிரம் ரூபாய்க்குள் பதிந்து வைப்பாள். வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு காத்திருப்பாள். யாரையும் தேடிப் போக மாட்டாள். "வேணுங்கறவங்க வருவாங்க" என்பாள். வருவார்கள்.

போன மாதம் மகுடேஸ்வரன் வந்தார். திருப்பூரில் குழந்தைகள் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், அவளுடைய பழைய முதலாளி. இத்தனை நாள் ஏற்றுமதி செய்தவர், இப்போது சொந்த பிராண்டு தொடங்குகிறார். அதற்கு அவள் கையிலிருந்த ஒரு சின்னப் பெயர்தான் வேண்டும்.

"எட்டு லட்சமுங்க" என்றாள்.

"ஏனம்மிணி, தொட்டுப் பாக்க முடியாத சாமானுக்கா?"

வேறு யாராக இருந்தாலும் இணையம், எதிர்காலம் என்று பிரசங்கம் செய்திருப்பார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வருஷத்துக்கு எத்தனை பீஸ் போடப் போறீங்க?"

"பதினாறு லட்சம்."

"அப்ப இந்த வருஷம் பீசுக்கு அம்பது காசுங்க. அடுத்த வருஷத்துல இருந்து புதுப்பிக்கற செலவு மட்டுந்தானுங்க."

லட்சத்துக்கு மிரண்டவர், காசு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பட்டனுக்கும் லேபிளுக்கும் பேரம் பேசிப் பழகிய வாய் தானாகத் திறந்தது. "நாப்பத்தஞ்சுன்னு போட்டுக்க."

"சரிங்க." ஏழு லட்சத்து இருபதாயிரம் என்று எழுதி நீட்டினாள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அவருக்கு உறுத்தியது. "கொறைச்சுக் கேப்பன்னு முன்னாலயே அஞ்சு காசு ஏத்தி வெச்சிருந்தியா?"

"உங்க கம்பெனியில பன்னெண்டு வருஷம் வெளிநாட்டுக்காரனுக்கு வெலை போட்டவளுங்க நானு."