சஃபியுல்லாவின் நாலு வழிச்சாலை

சவுதியில் இருபது வருஷம் டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டுக் காரைக்காலுக்குத் திரும்பிய சஃபியுல்லாவுக்கு, ஊரில் இருந்த எதுவுமே சாலையாகத் தெரியவில்லை. நாலு வழிச்சாலை வேலை ஆரம்பித்த பிறகுதான் மனிதருக்கு உயிர் வந்தது. வயல்களை அளந்து கல் நட்டது, மண்ணடித்து மேடாக்கியது, வாய்க்கால்களுக்குக் குறுக்கே பாலம் எழுப்பியது என்று எல்லாவற்றையும் ஸ்கூட்டரில் போய் மேற்பார்வை பார்த்தார்.

"ரோடு வந்துடும். நம்ம ஆளுங்களுக்கு ஓட்டத் தெரியணுமே" என்று டீக்கடையிலும் வீட்டிலும் ஓயாமல் அலுத்துக்கொண்டார்.

சாலை திறந்த வாரமே மனைவி ஹஃப்ஸாவைக் காரில் ஏற்றிக்கொண்டு தரங்கம்பாடிக்குக் கிளம்பினார். வரிச்சிக்குடி அருகே அந்த அகலத்தைக் கண்டதும், கை பழக்கதோஷத்தில் ஸ்டீயரிங்கை வலப்பக்கச் சாலைக்கு ஒடித்துவிட்டது. சவுதியில் வண்டிகள் போவது வலப்பக்கம்தான்.

எதிரே ஒரு லாரி விளக்கை அடித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. நடுவில் தடுப்புச் சுவர். அந்தப் பக்கம் போக வழியில்லை. வியர்த்துப்போய் ஓரங்கட்டினார்.

அவருக்குப் பின்னாலேயே வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் நின்றது. மீன் பெட்டியோடு திருவேட்டக்குடி கண்ணையன்.

"ஏன் பாய் நின்னுட்டீங்க? ஓரமாவே போங்க, ஒண்ணும் ஆவாது. அந்தப் பக்கமா போனா ரொம்ப தூரம் சுத்திட்டு வரணும். நாங்கல்லாம் தினம் இப்புடித்தான் போறோம்."

சஃபியுல்லா வாயைத் திறப்பதற்குள் ஹஃப்ஸா ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"நீங்க முன்னால போங்கண்ணே," என்றாள். "இவங்களுக்கு ஓட்டத் தெரியணுமே."