பின்னல் மிஷினுக்குள் போன மெத்தை

எதைத் தொடும் முன்னும் சித்தி ஒருமுறை ஊதுவாள். நூல் பஞ்சு படிந்துவிடும் என்று பின்னல் மிஷினை ஊத ஆரம்பித்தவள், நாளடைவில் டீ டம்ளர், கைபேசி, மின்கட்டண ரசீது என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அக்கா மகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தெருவே அவளைச் சித்தி என்றது. லாரி பட்டறை மெக்கானிக்கான அவள் கணவர் மட்டும் ஊதாங்குழல் என்பார்.

"ஊதுறதாலதான் என் மிஷின் புதுசு மாதிரி ஓடுது" என்பாள் சித்தி.

அந்த மிஷினே ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது. அதுவும் எந்த நாளில்!

அக்கா மகளுக்கு மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. குடும்பத்திலேயே படித்து மாதச் சம்பளத்துக்குப் போகும் முதல் பெண். சீருடைக்கு மேல் வெள்ளை ஸ்வெட்டர்தான் போட வேண்டுமாம். "கடையில வாங்கிக்கிறேன் சித்தி" என்றவளை, "அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்று அடக்கியாயிற்று. சாயங்காலம் ரயில். பாக்கி ஒரே ஒரு கை. அந்தக் கையில்தான், ஊசிகள் மேல் ஓடும் வண்டியை இழுக்க இழுக்க, நடுவில் பின்னல் கண்ணிகள் பொலபொலவென்று உதிர்ந்தன.

சித்திக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. முந்தின நாள் அவள் பொத்தான் வாங்கப் போன நேரத்தில், கணவர் ஊசிகளை எல்லாம் உருவி மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டியிருந்தார்.

"நல்லா இருந்த மிஷினைக் கெடுத்து வச்சிருக்கீங்களே. இது என்ன லாரியா?"

"உள்ள ஸ்பாஞ்ச் செத்துப்போச்சு, மாத்துன்னு நேத்தே சொன்னேன்ல?"

"நான் தினமும் சுத்தம் பண்ற மிஷின். எனக்குத் தெரியாதா?"

"தெரியும் தெரியும்" என்று சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்கு நடையைக் கட்டினார்.

மூன்றாம் தடவையும் கண்ணிகள் விழுந்தபோது சித்திக்கு அழுகை முட்டியது. பிள்ளை ஒற்றைக் கை ஸ்வெட்டரோடா முதல் வேலைக்குப் போகும்? வேறு வழியில்லாமல், ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் நீளப் பட்டையைப் பக்கவாட்டில் உருவினாள். அடியில் இருக்க வேண்டிய ஸ்பாஞ்ச் காகிதமாய் நசுங்கி, நடுவில் பிசுபிசுவென்று கரைந்திருந்தது. இத்தனை காலம் மேலே தெரிந்த பஞ்சைத்தான் ஊதியிருக்கிறாள். உள்ளே சேர்ந்த அழுக்குதான் ஊசிகளை ஆடாமல் பிடித்து வைத்திருந்தது. அவர் அழுக்கை எடுத்தார், செத்த ஸ்பாஞ்சின் குட்டு வெளிப்பட்டது. அவ்வளவுதான்.

ஸ்பாஞ்சுக்கு எங்கே போவது? பட்டறையில் கிடைக்கும். ஆனால் அங்கே போய் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? சுற்றுமுற்றும் பார்த்தாள். டிவிக்கு எதிரே கணவரின் நாற்காலி. அதன் மெத்தையைப் பிரித்தாள். ஓரமாக ஒல்லியான துண்டுகளை நறுக்கி, பட்டையின் அடியில் வரிசையாக ஒட்டி, அதை உள்ளே தள்ளினாள். ஊசிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. கை முடிந்தது.

வாசலில் ஆட்டோ நிற்க, அக்கா மகள் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தாள்.

"மிஷினைச் சித்தப்பா சரி பண்ணிக் குடுத்தாரா சித்தி?"

"ரயிலுக்கு நேரமாச்சு, ஏறுடி."

இரவு கணவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் தாழ்ந்தது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, எலி ரொம்ப நேரா கடிச்சிருக்கே."

"டீ ஆறுது, குடிங்க."

"ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு."

"சர்க்கரை போதுமான்னு கேக்க வந்தேன்."

அவருக்குப் புது மெத்தை வந்துவிட்டது. உறையும் அவளே தைத்தாள். மலையிலிருந்து இன்னும் இரண்டு நர்ஸுகள் ஸ்வெட்டர் கேட்டு, அவையும் போய்ச் சேர்ந்துவிட்டன. ‘நீங்க சொன்னதுதாங்க சரி’ என்பது மட்டும் இன்னும் பாக்கி.